காற்றில்லா இரவின் கட்டம்: நீர்த்தல் என்னும் கோட்பாட்டின் வரலாறு

சில வருஷங்களுக்கு முன்னால் கடலோர ஊர் ஒன்றில் அனல்மின் நிலையத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நண்பர்களோடு போயிருந்தேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, போலீஸ், தண்ணீர்ப் பாக்கெட் என எல்லாம் வழக்கம்போல. ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளைஞர் திரையில் ஒரு படம் காட்டினார். நடுவில் ஒரு புள்ளி, அதுதான் புகைபோக்கி. அதைச் சுற்றி முட்டை வடிவில் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக. வெளிக்கோட்டுக்குப் போகப்போக எண் குறைந்துகொண்டே வந்தது. "உங்க ஊரு இங்க இருக்கு. இங்க வர்றதுக்குள்ள புகை நல்லா கலைஞ்சிடும்" என்றார். மீன் விற்கிற ஒரு அம்மா எழுந்து, "ராத்திரில காத்தே அடிக்காத அன்னைக்கு எப்படி சார் கலையும்?" என்று கேட்டார். இளைஞர் கொஞ்சம் திணறி, "அதையெல்லாம் சேர்த்துத்தாம்மா ஆவரேஜ் போட்டிருக்கோம்" என்றார். மைக்கில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் கிடைத்தவைதான் இங்கே எழுதியிருப்பவை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பிரதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும்தான் இத்தனை காலமாகப் பழகியிருக்கிறோம். சங்கப் பாட்டுக்கும் சிறுகதைக்கும் மட்டும்தான் அந்தப் பார்வை செல்லும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அந்த முட்டைக் கோடுகளும் ஒரு பிரதிதான். அதற்கும் ஆசிரியர்கள் உண்டு, வரலாறு உண்டு, மௌனங்களும் உண்டு.

*

காற்று எப்படிக் கலைக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். காற்றோட்டம் இல்லாத அறையில் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தால் புகை ஒரு சாண் உயரத்துக்கு நூல் பிடித்த மாதிரி நேராக ஏறும். அப்புறம் நெளிந்து, சுருண்டு, உடைந்து, எங்கே போயிற்று என்று தெரியாமல் போய்விடும். நூலாக இருக்கும்வரை அது அநேகமாகக் கலப்பதே இல்லை. மூலக்கூறுகள் தாமாக விரவிக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் ஒரு மீட்டர் பரவுவதற்கே மணிக்கணக்காகும். கலக்குகிற வேலையைச் செய்வது சுழல்கள். கைப்பிடி அளவுச் சுழலிலிருந்து ஊரளவுச் சுழல்வரை ஒன்றுக்குள் ஒன்றாக உருண்டு, புகையைக் கிழித்து, நல்ல காற்றை அதற்குள் திணிக்கின்றன. இதைத்தான் இயற்பியலில் கொந்தளிப்பு என்கிறார்கள். வாடை, தென்றல், கோடை, கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்த நாம் கொந்தளிப்பு என்ற வார்த்தையைக் கடலுக்கும் ஜனங்களுக்கும் மட்டும் கொடுத்து வைத்திருந்தோம். காற்றுக்கும் அது பொருந்தும் என்று பாடப்புத்தகம் எழுதியவர்கள் கண்டுபிடித்தது நல்ல காரியம்.

பகலில் வெயில் தரையைச் சுடுகிறது, தரை காற்றைச் சுடுகிறது, சூடான காற்று குமிழ் குமிழாக மேலே ஏறுகிறது. நல்ல வெயில் நாளில் தரையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் உயரம்வரை காற்று இப்படிப் புரண்டுகொண்டிருக்கும். அத்தனை பெரிய பாத்திரத்தில் புகை கரைகிறது. மேகமில்லாத இரவில் கதை தலைகீழ். தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே படிகிறது. அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. கீழே உள்ள காற்றுக்கு ஏற வழியில்லை, சுழல்கள் அடங்கிப்போகின்றன. பாத்திரத்தின் ஆழம் நூறு மீட்டருக்கும் கீழே போய்விடலாம். மார்கழி விடியலில் கிராமத்து அடுப்புப் புகை கூரைகளுக்குக் கொஞ்சம் மேலே பாய் விரித்த மாதிரிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குப் போகி காலையைச் சொன்னால் போதும்.

இன்னொன்றும் உண்டு. இரவெல்லாம் உயரமான புகைபோக்கி விட்ட புகை அந்தக் குளிர்ந்த அடுக்குக்குள் கலையாமல் நீளமாக மிதந்துகொண்டிருக்கும். காலையில் வெயில் ஏறித் தரையோரக் காற்று புரள ஆரம்பித்து அந்த உயரத்தைத் தொட்டதும், மொத்தப் புகையும் சட்டென்று கீழே இறங்கும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போகிற நேரம் அது. ஆக, கொந்தளிப்பு எப்போதும் நமக்கு நண்பன் என்றும் சொல்ல முடியாது.

கலைந்து மெலிவதற்கு 'நீர்த்தல்' என்று பெயர். இயக்கங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்த வார்த்தை கசக்கும். கோரிக்கை நீர்த்துப்போனது, போராட்டம் நீர்த்துப்போனது என்றுதான் நாம் சொல்லிப் பழக்கம். விஷம் நீர்த்துப்போவது நல்லதுதானே என்றால் நல்லதுதான், மறுக்கவில்லை. காற்று இந்த வேலையைத் தினமும் செய்யாவிட்டால் எந்த நகரத்திலும் ஒரு வாரம் வாழ முடியாது. பிரச்சினை, இந்த நல்ல காரியம் எப்போது ஒரு உரிமமாக மாறியது என்பதுதான்.

*

இந்த அறிவு மாசைக் குறைப்பதற்காகப் பிறந்ததல்ல. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி மாலை, பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்குப் பக்கத்தில் ஜெர்மன் ராணுவம் ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்து 150 டன்னுக்கும் மேற்பட்ட குளோரினைக் காற்றில் விட்டது. திட்டத்தை நடத்தியவர் வேதியியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர். உருளைகளைப் புதைத்துவிட்டு, சாதகமான காற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 25-இல் லூஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ்காரர்கள் பதிலுக்குக் குளோரின் விட்டபோது காற்று மந்தமாக இருந்தது. சில இடங்களில் மேகம் திரும்பி அவர்களுடைய பதுங்குகுழிகளுக்குள்ளேயே வந்து இறங்கியது. வானிலையாளர்களுக்கு ராணுவத்தில் இடம் கிடைப்பதற்கு இதைவிட வேறு சிபாரிசு தேவையா?

1916-இல் இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் போர்ட்டன் என்ற ஊரில் விஷவாயுச் சோதனைக் களம் தொடங்கப்பட்டது. போர் முடிந்த பிறகும் அது மூடப்படவில்லை. 1921-இல் அங்கே ஒரு வானிலை ஆய்வுக் குழு உட்கார்ந்தது. அவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான்: வாயுவைத் திறந்தால், எத்தனை கெஜம் தள்ளி, என்ன செறிவில், எவ்வளவு நேரம் நிற்கும்? அதாவது நீர்த்துப்போகாமல் இருப்பது எப்படி? பகல் வெயிலில் வாயுவைத் திறந்தால் மேலே ஏறிக் கலைந்துவிடும், வீண். மேகமில்லாத இரவும் விடியற்காலையும்தான் உகந்தவை, காற்று மெதுவாக, ஒரே திசையில், தரையை ஒட்டிப் போக வேண்டும். வாயு அதிகாரியின் அகராதியில் 'நல்ல இரவு' என்பது இதுதான். இந்த 'நல்ல இரவு' இன்னொரு ஊரில் மறுபடியும் வரும்.

ஹேபர் இன்னொரு சமாசாரத்தையும் விட்டுவிட்டுப் போனார். செறிவையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் விஷத்தின் அளவு, கொஞ்ச விஷத்தை நெடுநேரம் சுவாசித்தாலும் நிறைய விஷத்தைக் கொஞ்ச நேரம் சுவாசித்தாலும் விளைவு ஒன்றே என்னும் கணக்கு அது. இன்றைக்கும் நச்சியல் நூல்களில் ஹேபர் விதி என்றே இருக்கிறது. பல வாயுக்களுக்கு இது பொருந்துவதில்லை. குறுகிய நேர உச்சச் செறிவு, பெருக்கல் சொல்வதைவிட அதிகம் சேதப்படுத்தும். ஆனால் சராசரி போடுவதற்கு இந்த விதி ரொம்ப வசதி.

போர்ட்டன் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. 1930-களிலிருந்து பத்து வருஷத்துக்கு மேலாக ராவல்பிண்டியில் அதன் விஞ்ஞானிகள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள்மேல் மஸ்டர்ட் வாயுவைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியத் தோல் வெள்ளைத் தோலைவிடக் கூடுதலாக வெந்துபோகுமா என்பது கேள்வி. விவரம் 2007-இல்தான் பத்திரிகைக்கு வந்தது.

*

இந்த இடத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவர் ஜி.ஐ. டெய்லர். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதும் பனிப்பாறைகளைக் கண்காணிக்க 1913-இல் ஸ்கோஷியா என்ற பழைய திமிங்கில வேட்டைக் கப்பலை நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் அனுப்பினார்கள். அதில் வானிலையாளராகப் போன டெய்லர் காற்றாடிகளைப் பறக்கவிட்டு உயரத்துக்கு உயரம் வெப்பநிலையை அளந்தார். சுழல்கள்தான் வெப்பத்தை மேலும் கீழும் கடத்துகின்றன என்று 1915-இல் எழுதினார். 1921-இல் வந்த அவருடைய கட்டுரை, ஒரு துகள் தன் பழைய வேகத்தை எவ்வளவு நேரம் 'ஞாபகம்' வைத்திருக்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு தூரம் சிதறும் என்று கணக்கிட்டுக் காட்டியது. இன்றுவரை அந்தக் கணக்குதான் அடித்தளம்.

இன்னொருவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். குவேக்கர் மதத்தவர், போரை ஒத்துக்கொள்ளாதவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி பிடிக்க மறுத்து பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். வானிலையைக் கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று முதன்முதலில் காட்டியவர் அவர்தான். அந்தக் கணக்கைப் போட்டது போர்முனைக்குப் பின்னால் காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிய வேலைக்கு நடுவில். 1920-இல் பிரிட்டிஷ் வானிலைத் துறை விமான அமைச்சகத்தின்கீழ், அதாவது ராணுவ விமானப் படையையும் வைத்திருந்த அமைச்சகத்தின்கீழ் போனதும் வேலையை விட்டுவிட்டார். காற்று எப்போது கொந்தளிக்கும், எப்போது அடங்கும் என்பதற்கு அவர் சொன்ன அளவுகோல் இன்றும் ரிச்சர்ட்சன் எண் என்று வழங்குகிறது. விமானமோ களமோ இல்லாத மனிதர், விளையாட்டுப் பலூன்களில் தபால் அட்டை கட்டிவிட்டு அவை எங்கெங்கே விழுந்தன என்று திரும்பிவந்த அட்டைகளை வைத்தே பரவலை ஆராய்ந்தார்.

1926-இல் வந்த அவருடைய கட்டுரை முக்கியமானது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு துகள்களைச் சின்னச் சுழல்கள் பிரிக்கின்றன. பிரிந்த பிறகு அவற்றைவிடப் பெரிய சுழல்கள் பிடித்துக்கொள்கின்றன. விலக விலக விலகும் வேகமும் கூடுகிறது. ஆகவே கொந்தளிப்புக்கு ஒரே ஒரு பரவல் எண் என்று கிடையாது, தூரம் கூடக்கூட அதுவும் ஒரு விகிதப்படி ஏறுகிறது. காற்றுக்கு ஒரு வேகம் இருக்கிறது என்று சொல்வதே சரிதானா என்றுகூட அந்தக் கட்டுரையில் அவர் சந்தேகப்பட்டார். சராசரியின்மேல் இதைவிடக் கடுமையான சந்தேகத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நம்மூரில் 'சாராம்சம்' என்ற வார்த்தையைக் கட்டவிழ்த்து நாம் பக்கம் பக்கமாக எழுதினோமே, அதற்கு ரொம்ப முன்னால்.

ஆனால் இந்த ஆராய்ச்சியில் அதிகம் ஆர்வம் காட்டியவர்கள் விஷவாயுக்காரர்கள் என்று தெரியவந்ததும் ரிச்சர்ட்சன் அதை நிறுத்திவிட்டார், அச்சாகாத தாள்களை அழித்தும்விட்டார் என்று அவர் மனைவி எழுதி வைத்திருக்கிறார். பிறகு போர்கள் ஏன் வருகின்றன என்று கணக்குப் பார்க்கப் போய்விட்டார். 1948-இல் ஒருமுறை ஹென்றி ஸ்டாம்மல் என்ற கடலியலாளரோடு ஸ்காட்லாந்தில் ஒரு கடற்கழியின் ஓரம் நின்று, கிழங்குத் துண்டுகளை நீரில் மிதக்கவிட்டு அவை எப்படி விலகுகின்றன என்று பார்த்தார். யாரையும் கொல்ல உதவாத சோதனை என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

அறிவும் அதிகாரமும் பின்னிக் கிடக்கின்றன என்று ஃபூக்கோவைச் சொல்லிவிட்டு நகர்வது நமக்குச் சுலபமாகிவிட்டது. 'முதலாளித்துவ விஞ்ஞானம்' என்று ஒரே அடியில் தள்ளிவிடுவது அதைவிடச் சுலபம். ரிச்சர்ட்சனின் சமன்பாட்டில் தப்பில்லை, அதை அவர் அழித்ததிலும் தப்பில்லை. அவர் விலகிக்கொண்டதால் போர்ட்டன் ஒருநாளும் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

*

போர்ட்டனில் 1928-இல் சேர்ந்தவர் ஓ.ஜி. சட்டன். 1932-இல் அவர் டெய்லரின் கருத்தை வளர்த்து ஒரு பரவல் கோட்பாடு வெளியிட்டார். கோட்பாடு வெளியே வந்தது, களச் சோதனை எண்கள் பெரும்பாலும் ரகசியம். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947-இல்தான் அவை அச்சாயின. அதிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 5 மீட்டர் காற்று, நொடிக்கு 1 கிராம் வாயு. 100 மீட்டர் தள்ளி, மேகத்தின் நடுவில் கனமீட்டருக்கு 2 மில்லிகிராம். மேகத்தின் அகலம் 35 மீட்டர், உயரம் 10 மீட்டர். ஒரு படைப்பிரிவைக் கொல்வதற்கான கணக்கு, அப்படியே ஒரு ஆலையின் பக்கத்துத் தெருவுக்கான கணக்கும் ஆகிறது. சமன்பாட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. முன்னே 'இலக்கு' என்று இருந்த இடத்தில் இப்போது 'ஏற்பி' என்று எழுதினால் போதும். மாசுக் கணக்கில் மனுஷனுக்குப் பெயர் ஏற்பிதான். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஏற்பிகள். சட்டன் 1953-இல் பிரிட்டிஷ் வானிலைத் துறையின் தலைவரானார்.

இந்தக் கணக்கை எல்லோரும் போடக்கூடியதாக எளிமையாக்கியவர், போர்ட்டனில் 1937 முதல் வேலை பார்த்த ஃபிராங்க் பாஸ்க்வில். 1961-இல் அவர் வெளியிட்ட அட்டவணை ஒரு உள்ளங்கையில் அடங்கும். பத்து மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம், பகலானால் வெயில் எவ்வளவு, இரவானால் மேகம் எவ்வளவு. இவ்வளவு தெரிந்தால் போதும், வளிமண்டலம் ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்புகளில் எதில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஏ என்றால் கடும் கொந்தளிப்பு, எஃப் என்றால் அடங்கிய இரவு. அமெரிக்காவில் ஃபிராங்க் கிஃபோர்டு இதை வளைகோடுகளாக்கிக் கொடுத்தார். அந்த வளைகோடுகளுக்குப் பக்கபலமான முக்கியமான சோதனை, 1956 கோடையில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓ'நீல் என்ற ஊருக்குப் பக்கத்துப் புல்வெளியில், அமெரிக்க விமானப் படையின் ஆய்வு மையம் நடத்தியது. கந்தக டைஆக்ஸைடைத் தரைக்குப் பக்கத்தில் பத்துப் பத்து நிமிஷம் திறந்துவிட்டு, 50 மீட்டரிலிருந்து 800 மீட்டர்வரை வட்டவில் வட்டவில்லாக நின்று அளந்தார்கள். சமதளம், வெட்டிய புல், மரமில்லை, கடலில்லை, குடிசையில்லை. அதற்கப்பால் பத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு நீட்டிய கோடுகளில் பெரும்பகுதி ஊகம். இதைப் பாஸ்க்வில் மறைக்கவில்லை, தோராயம் என்றுதான் சொன்னார். பின்னால் வந்தவர்கள்தான் அதைச் சட்டமாக்கினார்கள்.

அந்த அட்டவணையை நான் முதன்முதலில் பார்த்தபோது கண்ணில் பட்டது வேறு. இரவுக்கான இரண்டு பத்திகளில், காற்றின் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு என்கிற வரிசையில், எழுத்தே கிடையாது. வெறும் கோடு. காற்றில்லாத இரவுக்குப் பாஸ்க்வில் வகுப்பே தரவில்லை. நேர்மையான விஞ்ஞானி, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டார். சமன்பாட்டிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. காற்றின் வேகம் வகுக்கும் எண்ணாக வருகிறது. வேகம் பூஜ்யத்தை நெருங்கினால் செறிவு எல்லையில்லாமல் எகிறும். கணக்கு உடைந்துபோகும். அப்புறம் வந்த கணினி மாதிரிகளில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காற்றில்லாத மணிகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது. மீன் விற்கிற அம்மா கேட்ட கேள்வி அட்டவணையின் அந்தக் காலிக் கட்டம்தான். இளைஞர் சொன்ன மாதிரி அது சராசரியில் சேர்க்கப்படவில்லை, கழற்றிவிடப்பட்டிருந்தது.

இன்றைய மாதிரிகள் பாஸ்க்வில் வகுப்புகளைத் தாண்டிவிட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1954-இல் சோவியத் விஞ்ஞானிகள் மோனினும் ஒபுகோவும் தந்த கோட்பாட்டின்மேல் கட்டப்பட்டவை அவை. 2005-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படியொரு மாதிரியை அதிகாரபூர்வமாக ஏற்றது. நம்மூர் அறிக்கைகளிலும் இப்போது அதுதான். காற்று மெதுவாக வீசும் நேரங்களைச் சமாளிப்பதில் முன்னேற்றம் உண்டு. ஆனால் முழு அமைதி மணிகள் இன்னும் வெளியேதான். விடையும் ஒரு மணி நேரச் சராசரியாகத்தான் வருகிறது. நிஜப் புகையோ பாம்பு மாதிரி நெளிந்து, ஒரு நிமிஷம் இந்தத் தெருவை அடித்து அடுத்த நிமிஷம் விலகிப் போகிறது. சராசரி மூச்சு என்று யாரும் விடுவதில்லை.

*

காலிக் கட்டத்துக்குள் யார் இருந்தார்கள்? 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கு: அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1948 அக்டோபர் கடைசியில் பென்சில்வேனியாவின் டோனோரா: துத்தநாக ஆலையும் இரும்பு ஆலையும் இருந்த சிறு நகரம், ஐந்து நாள் மூடி விலகவில்லை, 20 பேர் செத்தார்கள், ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் நோயில் விழுந்தார்கள். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன்: அப்போது சொன்ன கணக்கு 4000 பேர், பின்னால் வந்த மறுஆய்வுகள் 12000 வரை போகின்றன. மூன்று இடத்திலும் ஆலைகள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. தினமும் விட்ட புகையைத்தான் விட்டன. காற்றுதான் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

இதற்கு எடுக்கப்பட்ட தீர்வுகளில் ஒன்று, புகைபோக்கியை உயர்த்துவது. தரையில் படும் உச்சச் செறிவு, புகை ஏறும் உயரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். உயரம் இரண்டு மடங்கானால் செறிவு நாலில் ஒன்று. போர்ட்டன் கணக்கு இப்போது தலைகீழாக வாசிக்கப்பட்டது: எவ்வளவு உயர்த்தினால் எவ்வளவு விடலாம்? பிரிட்டனில் மின்வாரியம் 200 மீட்டருக்கு மேல் கட்ட ஆரம்பித்தது. கனடாவில் சட்பரி நிக்கல் ஆலையில் 1972-இல் இயங்கத் தொடங்கிய புகைபோக்கி 381 மீட்டர். கசகஸ்தானில் எக்கிபாஸ்தூஸில் 1987-இல் 419 மீட்டர். சுற்றுவட்டாரக் காற்று உண்மையிலேயே மேம்பட்டது. மறுக்க முடியாது.

ஆனால் மேலே போனது எங்கே போனது? 1967-இல் ஸ்வாந்தே ஓடேன் என்ற ஸ்வீடன் மண்ணியலாளர் ஒரு நாளிதழில் எழுதினார். தெற்கு ஸ்காண்டிநேவியாவில் பெய்யும் மழை அமிலமாகிக்கொண்டிருக்கிறது, கந்தகம் பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது என்றார். நார்வேயின் தெற்கு ஏரிகளில் மீன்கள் அழிந்துகொண்டிருந்தன. 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஸ்வீடன் இதை முன்வைத்தது, பிரிட்டன் வருஷக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தது. 1979-இல்தான் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசுக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. காற்றில் நாட்கணக்கில் மிதக்கும் கந்தக டைஆக்ஸைடு சல்ஃபேட் என்ற நுண்துகளாக மாறிவிடுகிறது. வாயுவாகக் கலைந்தது, துகளாகத் திரும்பி வருகிறது. ஒரு புகைபோக்கிக்கு நீர்த்தல் சரி. ஆயிரம் புகைபோக்கிக்கு, எல்லோரும் ஒரே குளத்தில் கழுவுகிற மாதிரி. 1977-இல் அமெரிக்கா, உயரத்தைக் காட்டி விதியிலிருந்து தப்பிக்க முடியாது என்று சட்டத்தில் எழுதியது.

இனி நம் பக்கம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டியதும் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து ஏறக்குறைய 40 டன் மெதில் ஐசோசயனேட் வெளியேறியது. குளிர்காலம், தெளிந்த வானம், மெல்லிய காற்று, அதுவும் பழைய நகரத்தை நோக்கி. வாயு காற்றைவிடக் கனமானது. போர்ட்டன் அதிகாரி எதிர்பார்த்துக் காத்திருந்த அதே 'நல்ல இரவு'. ஜெயப்பிரகாஷ் நகர், காஜி கேம்ப் ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். வாயு போகிற திசையிலேயே ஓடியவர்கள் நிறையப் பேர். ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை. கனமான வாயுக்களுக்குப் பழைய சமன்பாடு செல்லாது என்பது தெரிந்துதான் 1982 முதல் 1984 வரை இங்கிலாந்தின் தார்னி தீவில் பெரிய அளவில் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். தெரிந்த அறிவு தெரிந்த இடத்தில் இருந்தது.

போபாலுக்குப் பிறகு வந்தது 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் விதிகளும். நிலக்கரி மின்நிலையங்களின் கந்தக டைஆக்ஸைடுக்கு அந்த விதிகள் சொன்ன மருந்து, புகைபோக்கி உயரம். 500 மெகாவாட்டுக்கும் அதற்கு மேலும் 275 மீட்டர், 200 முதல் 500-க்குள் 220 மீட்டர். சின்னவற்றுக்கு ஒரு சூத்திரம்: மணிக்கு எத்தனை கிலோ விடுகிறாயோ அதை 0.3 படிக்கு உயர்த்தி 14-ஆல் பெருக்கு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விஷத்தை இரண்டு மடங்காக்கினால் புகைபோக்கியை 23 சதவீதம் உயர்த்தினால் போதும். எவ்வளவு விடலாம் என்ற வரம்பு 2015 டிசம்பர்வரை கிடையாது. அப்போது வந்த வரம்புக்கு இரண்டு வருஷக் கெடு, பிறகு தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட அலகுகளுக்கு அந்த வரம்பே பொருந்தாது என்று அறிவித்தது. டெல்லி வட்டாரத்துக்கும் பத்து லட்சத்துக்கு மேல் ஜனமுள்ள நகரங்களுக்கும் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு வரம்பு உண்டு. ஏற்கனவே காற்று கெட்டுப்போன ஊர்களுக்குப் பக்கத்தில் இருப்பவற்றுக்குப் பார்த்து முடிவு செய்வார்கள். மற்றவற்றுக்கு நிபந்தனை ஒன்றுதான்: புகைபோக்கி உயரம் விதிப்படி இருக்கவேண்டும். 1967-இல் ஓடேன் எழுதியது டெல்லிக்கு இன்னும் வந்து சேரவில்லை. பத்து கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள், அந்த முட்டைக் கோட்டின் வெளி ஓரத்துக்காரர்கள்.

நம் கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மத்தியானம் கடற்காற்று உள்ளே வரும்போது அதன் அடிப்பகுதிதான் தரைச்சூட்டில் புரள ஆரம்பிக்கிறது, உள்ளே போகப்போக அந்தப் புரளும் அடுக்கு தடிமனாகிறது. கரையில் நிற்கும் உயரமான புகைபோக்கியின் புகை சில கிலோமீட்டர் தாண்டி அந்த அடுக்கைச் சந்திக்கிற இடத்தில் மொத்தமாகக் கீழே இறங்கும். நெப்ராஸ்கா புல்வெளியில் கடல் கிடையாது. புகைபோக்கியே இல்லாத விஷமும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறி எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். மறுபடியும் டிசம்பர், மறுபடியும் இரவு.

அடுத்த கூட்டத்துக்குப் போகிற நண்பர்களுக்கு ஒன்று. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும்தான். முழு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். வானிலைப் பகுதியில் காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு அடித்தது என்று பூவிதழ் மாதிரி ஒரு படம் இருக்கும். பெரும்பாலும் மழை இல்லாத ஒரே ஒரு பருவத்தின் கணக்காக இருக்கும். அந்தப் படத்தின் நடுவிலோ ஓரத்திலோ சின்ன எழுத்தில் ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள், பக்கத்தில் 'காம்' என்று. அந்த மணிகள் எத்தனை, அதில் இரவு எத்தனை, மாதிரிக்குள் அவற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.